வியாழக்கிழமைக் கீரை

பால்டிமோர்,
ஜூன் 12

அன்பு மகள் ஜெனீவாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். இதே வார்த்தையை ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் உன்னிடம் சொல்லிவந்தேன், ஆனால் மனசறிந்து சொல்வது இன்றைக்குத்தான். அலாஸ்காவில் அந்தக் குளிருக்குள் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். நான் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், மீதி சொல்லாமலே போய்விடும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கடைசித் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை இப்போது திருப்பிப் பார்க்காதே, முதலில் படி. உன் அப்பா கையும் காலும் முழுசாக நாற்காலியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார், அதனால் பதறாமல் படி.

நான் உன்னிடம் பொய் சொன்னேன் கண்ணு. நம் பியூக் கார் எப்படி ஓடுகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் ராஜா மாதிரி ஓடுகிறது என்றேன். அது உன் பிறந்தநாளுக்கு மறுநாளே, ஜனவரியில், மேட்டுத் தெருவில் கியர் பெட்டி உடைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து தொப்பியைக் கழற்றினான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு அந்த வண்டி என்னவென்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது, தெருவோரம் நின்று இரண்டு கைவிரலைத் தரையைப் பார்த்து ஆட்டுகிறவர்கள் பக்கத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிற ஹேக் தொழில்தான் என்றாலும், முப்பது வருஷம் அதைக் கோயில் ஊழியம் மாதிரிச் செய்தவர். பக்கத்திலிருந்த பென்ரோஸ் மளிகைக் கடையை மூடின பிறகு இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் அவர் வண்டியில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை முடிச்சோடு திரும்பினார்கள். இவ்வளவு பேர் வீட்டுக்குக் கீரையும் பழமும் கொண்டுபோய் இறக்கிய மனுஷன், வழியில் நாலு கோழி இறக்கையும் அதன்மேல் ஒரு குவியல் உருளை வறுவலும் அடைத்த சிக்கன் பாக்ஸை வாங்கித் தின்றுவிட்டு வருவார். விளக்கடியில்தான் இருட்டு.

வண்டி போனதும் எங்களுக்கு மிஞ்சியது மூலைக் கடைதான். கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன், குண்டு துளைக்காத பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நாள் முழுவதும் நிற்கிறார், விற்கிறதைத்தானே அவர் வைக்க முடியும். அந்தப் பிளாஸ்டிக்கில் பொருத்திய சுழல் தட்டில் வைத்துத் தள்ளுவது சிப்ஸ், டப்பா நூடுல்ஸ், டப்பா சூப்பு, பாதி டீயும் பாதி எலுமிச்சைச் சாறும் கலந்த அந்தச் சர்க்கரைத் தண்ணீர். காய் என்று கேட்டால் முளைவிட்ட வெங்காயமும் கறுத்துப்போன இரண்டு வாழைப்பழமும் வரும். நீ அங்கிருந்தபடியே போனில் தட்டி எங்களுக்கு ஒரு தடவை மளிகை அனுப்பினாயே, திராட்சை தேன் மாதிரி இருந்தது என்று சொன்னேனே, அந்தத் திராட்சையை நான் கண்ணால் பார்க்கவில்லை. கொண்டுவந்தவன் எங்கள் தெருப் பெயரைப் பார்த்துப் பயந்து இரண்டு தெரு தள்ளி யார் வீட்டு வெள்ளைக்கல் படியிலோ இறக்கிவிட்டுப் போய்விட்டான். யாரோ தின்றார்கள், தேனாகத்தான் இருந்திருக்கும்.

பிப்ரவரியில் நானே தள்ளுகூடையை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். போவது போய்விடலாம் கண்ணு, திரும்புவதுதான் பாடு. ஐஸ் மழை, இரண்டாவது பஸ் வரவே ஒரு மணி நேரம், நம் மேட்டில் ஏறும்போது கூடையின் சக்கரம் கழன்றது. முட்டைக்கோஸ் ஒன்று உருண்டு ஓடியது, நான் அதைப் பார்ப்பேனா என் முழங்காலைப் பார்ப்பேனா. வீடு வந்து சேர்ந்தபோது முட்டை பன்னிரண்டில் மூன்றுதான் உயிரோடு இருந்தன. உன் அப்பா ஜன்னலிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இனிமே நீ போகக்கூடாது வெர்லீன்னு சொல்லிட்டேன், அவ்வளவுதான் என்றார். அப்போ எப்படிங்க சாப்பிடறது, தெருவுல நின்னு விரலைக் காட்டி ஒரு ஹேக் பிடிச்சாதான் என்ன என்று கேட்டேன். முப்பது வருஷம் அடுத்தவங்க விரலுக்கு வண்டியை நிறுத்தினவன் நான், என் விரலை நான் காட்டமாட்டேன், இப்ப ஓட்டற பசங்களுக்கு பிரேக் எதுன்னே தெரியாது, அவனுங்க பின்சீட்டுல போறதுக்கு நான் பட்டினி கிடப்பேன் என்றார். பட்டினி கிடந்தாலாவது சர்க்கரை இறங்கியிருக்கும், டப்பா ஸ்பெகட்டியைத் தின்றல்லவா வீம்பு பிடித்தார்.

இப்போது உன்னிடம் மறைத்ததிலேயே பெரியது. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு நீ அப்பாவைக் கேட்டபோது குளிக்கிறார் என்றேன், அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் ஒரு புண். ஷூ கடித்தது என்று என்னிடமே மூன்று வாரம் மறைத்திருக்கிறார், நான் உன்னிடம் மறைக்க அவர் என்னிடம் மறைக்க, நல்ல குடும்பம். டாக்டரம்மா மெல்லிசு நைலான் நரம்பு மாதிரி எதையோ எடுத்து அந்தக் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டாள். உன் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் தொடவே இல்லையே என்றார். அவள் அப்போது தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் ஜெனீவா. மூன்று மாதம் தருகிறேன், சர்க்கரை இறங்கிப் புண் ஆறவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றாள்.

அடுத்த அறையில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற பெண் ஒருத்தி, வயதில் உன்னைவிடச் சின்னவள், வழவழப்பான தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். பச்சைக் கீரை, மீன், பெர்ரிப் பழம், எல்லாம் புதுசாக. எங்கேம்மா வாங்கறது என்றேன். எந்த மளிகைக் கடையிலயும் கிடைக்கும்மா என்றாள். அந்த எந்த மளிகைக் கடை எங்கேன்னு மட்டும் சொல்லிடு, நான் நடந்தே போறேன் என்றேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. அந்தத் தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன், உள்ளே இல்லாதது வெளியே இருக்கட்டும் என்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எதிர்வீட்டுக் கிளாடெட் சர்ச் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள், காய்கறிக் கடையே இல்லாத நம் பேட்டைக்கு உணவுப் பாலைவனம் என்று ஒரு பெயராம், வரைபடத்தில் சிவப்பாகவே தீட்டிவைத்திருக்கிறார்களாம். பாலைவனத்துல ஏறிப்போக ஒட்டகமாவது இருக்கும், நமக்கு அதுவும் கியர் பெட்டி உடைஞ்சு நின்னுபோச்சு என்றார் உன் அப்பா. நன்றாகத்தான் சிரித்தோம். ஆனாலும் மறுநாள் அவர் வெளியே போய் விரலைக் காட்டவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு உனக்கு நினைவிருக்கிறதா, இன்றைக்கு என்னம்மா சாப்பாடு என்று நீ கேட்டாய், நான் அந்த பிரிட்ஜ் கதவைப் பார்த்து அப்படியே வாசித்தேன். சுட்ட மீன், காலர்டு கீரை, ஒரு துண்டு சர்க்கரைவள்ளி என்றேன். எனக்கு முன்னால் உன் அப்பா டப்பா ஸ்பெகட்டியைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பாடா, நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா சாப்பிடறீங்கன்னு தெரிஞ்சாதாம்மா எனக்கு இங்க தூக்கம் வருது என்றாய் நீ. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் பார்க்கிறேன், சர்ச்சுக்குப் போகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் ஷூவும் கட்டுப்போட்ட காலில் செருப்புமாக வாசல்படி இறங்கினார். பின்னாலேயே நானும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். நடைபாதை ஓரத்தில் நின்று கையை நீட்டினார் உன் அப்பா. நாலு வண்டி போனது, ஒன்றும் நிற்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அதுதான். முப்பது வருஷம் வண்டிக்குள்ளிருந்தே அந்தக் கையைப் பார்த்த மனுஷனுக்கு வெளியே நின்று அதைக் காட்டத் தெரியவில்லை, உள்ளங்கையை மேலே விரித்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். எதிர்வாசல் படியிலிருந்து கிளாடெட் கத்தினாள், யோவ் லெமுவல், விரலைக் கீழ காட்டுய்யா, கையை விரிச்சு நின்னா பிச்சை கேக்கறேன்னு நினைச்சு எவன் நிறுத்துவான் என்று. தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்க்காமலே கையைத் திருப்பி, இரண்டு விரலைத் தரையை நோக்கி ஆட்டினார். அடுத்த வண்டி நின்றது.

பழைய சாம்பல்நிற வண்டி, ஓட்டுவது ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். வண்டி நின்றதும் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, நேரே சுற்றிக்கொண்டு போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். பழக்க தோஷம். அவள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்து, நான் இறங்கிக்கணுமா பெரியவரே என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க மனசு வரவில்லை. யோலாண்டா அவள் பெயர். மற்ற நாளெல்லாம் ஒரு லாண்டரியில் வேலை, வியாழன் மட்டும் ஹேக். போகிற வழியெல்லாம் அவர் பின்சீட்டிலிருந்து, இந்த லைட்டுல இடப்பக்கம் வா, அந்தக் குழியைப் பாரு, இப்படியா கிளட்சை மிதிப்பாங்க என்று விடவே இல்லை. இது ஆட்டோமேட்டிக் வண்டி பெரியவரே, கிளட்சே கிடையாது என்றாள் அவள்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் எத்தனையோ ஆயிரம் மணி நேரம் நின்றவர், உள்ளே கீரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சை வரிசைக்கு நடுவே மெல்ல நடந்தார். வெர்லீன், இவ்வளவையுமா நான் தூக்கிட்டுப் போய் இறக்கினேன் என்று கேட்டார். கை கொள்ளாத அளவுக்குக் காலர்டு கீரை வாங்கினோம், மீன் வாங்கினோம். அதோடு, எங்கள் புத்தியைப் பார், கீரையில் போடுவதற்குப் புகைபோட்ட உப்புப் பன்றிக்கால் இரண்டும், அந்தப் பாதிப்பாதி சர்க்கரைத் தண்ணீர் பெரிய ஜாடி ஒன்றும் வாங்கினோம். கீரை சாப்பிட்டால் போதும், கூட எது போனாலும் கீரை பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு. நம் வீட்டில் பன்றிக்கால் இல்லாமல் கீரை வெந்ததே கிடையாதே.

ஹேக் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, அப்பா உனக்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஏறுகிறவர் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது, பார்த்தாலும் பேசக்கூடாது. அவரவர் வறுமை அவரவர் பைக்குள். பைகளை டிக்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்த யோலாண்டா சாவியைப் போடாமல் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். பெரியவரே, அந்தப் பன்றிக்காலையும் அந்த ஜாடியையும் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க, நான் காத்திருக்கேன், காத்திருக்கறதுக்குக் காசு வேண்டாம் என்றாள். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். ஹேக் ஓட்டறவ பையைப் பாக்கக்கூடாதுன்னு உனக்கு எவனும் சொல்லிக் குடுக்கலையா என்றார். நான் பையைப் பாக்கல, உங்க காலைப் பாத்தேன் என்றாள். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு விரல்ல ஆரம்பிச்சுது, முழங்கால் வரைக்கும் போச்சு, அப்புறம் ஆளே போயிட்டார், எங்க வீட்டுலயும் பன்றிக்காலோட கீரை வெந்துக்கிட்டுத்தான் இருந்தது என்றாள். உன் அப்பா இறங்கி, அந்த இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு, செருப்புக் காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். நான் அவள் வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நல்ல ஹேக்.

அதற்குப் பிறகு ஒரு வியாழன் விடவில்லை. இப்போது முன்சீட்டில்தான் உட்காருகிறார், கிளாடெட்டும் வருகிறாள், வண்டியே சந்தைக்கடையாக இருக்கிறது. கீரையை வெங்காயம், பூண்டு, கொஞ்சம் வினிகர் போட்டு வேகவைக்கிறேன். முதல் வாரம், இது கீரையா மாட்டுத்தீவனமா என்றார். மூன்றாவது வாரம் தட்டை வழித்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சிக்கன் பாக்ஸைக் கனவில் மட்டும் தின்கிறாராம், அதற்கு டாக்டரம்மா தடை சொல்லவில்லை. எங்களுக்கு யோலாண்டா கிடைத்தாள், அதனால் தப்பித்தோம். அடுத்த தெருவில் கிடைக்காதவர்கள் இன்னும் அந்தச் சுழல் தட்டு முன்னால்தான் நிற்கிறார்கள், அதை நினைத்தால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பரிசோதனை. பன்னிரண்டுக்கு மேல் இருந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண் ஏழரைக்கு வந்துவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புண் மூடிவிட்டது, விரலை எடுக்கவேண்டியதில்லை என்றாள் டாக்டரம்மா. உன் அப்பா காலுறையைத் திரும்பப் போட மறுத்துவிட்டார். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அந்த வராந்தா முழுக்க நடந்து, எதிரே வந்த நர்சுகளுக்கெல்லாம் காலை வணக்கம் சொன்னார், அப்போது மணி மதியம் இரண்டு. எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் படுத்ததும் தூங்கினேன்.

இனி உன் விஷயம். நீ என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை உண்டு, ஒரு வாரம் பேசாமல் வேண்டுமானாலும் இரு. ஆனால் எங்களை அங்கே வந்துவிடச் சொல்லாதே, வரமாட்டோம், வியாழக்கிழமையை விட்டுவிட்டு வர முடியாது. இன்னொன்று, போன வாரம் நீ சால்மன் மீனும் கேரட்டும் சமைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் டப்பா மூடியை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது. உங்கள் ஊர்க் கடைக்கும் எல்லாம் விமானத்தில்தான் வரவேண்டும், மூடுபனி என்றால் அதுவும் வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். பொய் சொன்னவளுக்குப் பொய்யின் சத்தம் தெரியும் கண்ணு. வருகிற ஞாயிறு முதல் நான் உண்மையாகத் தின்றதைச் சொல்கிறேன், நீயும் உண்மையாகத் தின்றதைச் சொல்லு. ஸ்பெகட்டி என்றால் ஸ்பெகட்டி என்று சொல்லு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், மஃப்ளரைக் கட்டாமல் வெளியே போகாதே.

இத்தனை பொய்க்குப் பிறகு அப்பாவுக்கு விரல் பிழைத்தது என்று நான் எழுதினால் மட்டும் நீ நம்பிவிடுவாயா. அதனால்தான் காகிதம். நீ சின்னவளாக இருந்தபோது உன் காலைக் காகிதப் பையின்மேல் வைத்து நான் பென்சிலால் சுற்றி வரைந்து கொடுப்பேன், அப்பா அதைக் கத்தரித்துக்கொண்டு போய் உனக்கு அளவாக ஷூ வாங்கிவருவார். இப்போது தாளைத் திருப்பு. இடது கால், ஐந்து விரல், எண்ணிக்கொள். கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் மட்டும் கோடு கோணிக்கொண்டு ஓடியிருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. பென்சில் பட்டதும் கூசுதுடி என்று காலை இழுத்துக்கொண்டார்.

உன் அன்புள்ள அம்மா,
வெர்லீன்